ஜீப்பில் ஓடிய சீரியல்

கேபிளை எடுத்துவிட்டு டிஷ் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தது என் வீட்டுக்காரர். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. நாள் முழுக்கப் பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்துப் பார்த்து, எந்தப் பொருளானாலும் முதல் தரம்தான் வேண்டும் என்கிற குணம் அவருக்கு வந்துவிட்டது. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கூடையைக் கவிழ்த்துக் கொட்டித்தான் எடுப்பார். கேபிளில் படம் தெளிவாக இல்லை, வைக்கோல் லாரி வந்தால் வயர் அறுந்துபோகிறது, சேனல் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று தினம் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பங்குனி மாதம் தேனியிலிருந்து ஆள் வந்து எங்கள் மொட்டை மாடியில் டிஷ்ஷை முடுக்கிவிட்டுப் போனார்.

என் மாமியாருக்கு அதில் பெரிய சம்மதம் இல்லை. ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. அத்தைக்கு டிவியில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் ஒரு சீரியல். பெரிய வீட்டு மூத்த மருமகள் ஒருத்தி, விபத்தில் ஞாபகம் போன அவள் புருஷன், வீட்டையே வளைத்துப் போடப் பார்க்கும் நாத்தனார். அது வந்தால் சரி, வானத்திலிருந்து வந்தால் என்ன, போஸ்ட் மரத்திலிருந்து வந்தால் என்ன என்று இருந்துவிட்டார். நானும் அவருடன் உட்கார்ந்து பார்ப்பேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு நாத்தனாரைத் திட்டுவதில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு நாத்தனார் கிடையாது. அதனால் யார் மனமும் புண்படவில்லை.

முதல் இரண்டு மாதம் படம் பளிச்சென்று இருந்தது உண்மைதான். கிரிக்கெட் மைதானத்தில் புல்லைக்கூட எண்ணலாம் என்று இவர் கடையில் வேலை பார்க்கும் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். அவர்களும் டீயைக் குடித்துவிட்டு, ஆமாம் எண்ணலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஆனி பிறந்தது. எங்கள் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில், முந்தல் போகும் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று நேரே எங்கள் மாடியில்தான் வந்து இறங்கும். கொடியில் காயப்போட்ட சேலையைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்து வந்திருக்கிறேன். அந்தக் காற்றுக்கு டிஷ் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். டிவியில் மூத்த மருமகளின் முகம் முதலில் கட்டம் கட்டமாக உடையும். பேச்சு வெட்டி வெட்டி வரும். கடைசியில் நீலத் திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நிற்கும்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுவார். நான் படிக்கட்டில் நிற்பேன். அத்தை டிவி முன்னால். மேலிருந்து "வந்துச்சா" என்று கேள்வி வரும். நான் அதை உள்ளே அனுப்புவேன். அத்தை இல்லை என்பார், நான் அதை மேலே அனுப்புவேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. படம் வந்துவிட்டால் அத்தை பதிலே சொல்ல மாட்டார். கதைக்குள் போய்விடுவார். பதில் வரவில்லையே என்று இவர் இன்னும் கொஞ்சம் திருப்புவார், வந்த படமும் போய்விடும். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏப்பா, நல்லாத்தான இருந்துச்சு. ஏன் திருப்புன?"

காற்று போதாதென்று குரங்குகளும் வந்தன. மலையடிவாரத்திலிருந்து கூட்டமாக இறங்கி, மாடி மாடியாகத் தாண்டிப் போவது அவற்றின் வழக்கம். எங்கள் மாடியில் இதுவரை அவற்றுக்கு உட்கார வசதியான இடம் இருந்ததில்லை. இப்போது கிடைத்துவிட்டது. ஒரு பெரிய ஆண் குரங்கு டிஷ்ஷின் கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக ஊரைப் பார்க்கும். நான் துடைப்பத்தோடு போனால் என்னையும் பார்க்கும். அவ்வளவுதான், இறங்காது.

கம்பெனிக்குப் போன் செய்தோம். இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்று பதிவு செய்த குரல் சொல்லும். பாட்டுப் போடுவார்கள். வெகு நேரம் கழித்து ஒரு பெண் வந்து மிகவும் மரியாதையாகப் பேசும். பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லும். போடுவோம். வராது. வானிலை சரியானதும் தானாக வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும். ஒருநாள் அத்தை போனை என் கையிலிருந்து வாங்கி, நீ எந்த ஊரிலிருந்து பேசுகிறாய், அங்கே வெயிலா என்று விசாரித்தார். வெயில்தான் என்றது அந்தப் பெண். மழை பெய்தால் எங்கேயும் சிக்னல் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று விளக்கியது.

"எங்க ஊருல மழை இல்லன்னா ஏலக்காய் இல்லத்தா. மழையவே வேண்டாம்னா நாங்க என்னத்தத் திங்கிறது?" என்றார் அத்தை.

அந்தப் பெண் குறையைப் பதிந்துகொண்டது. இன்ஜினியர் வருவார் என்றது. அவர் வந்தார். ஆனால் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் வருவார். அன்றைக்குக் காற்றும் இருக்காது, குரங்கும் வராது. டிவி அருமையாக ஓடும். "நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு, அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் பைக் தெருமுனை திரும்பியதும் சாரல் ஆரம்பிக்கும். அத்தை ஒருமுறை அவரைச் சாயங்காலம் வரை உட்கார வைக்கப் பார்த்தார். தேவாரம் பக்கம் இன்னும் நாலு வீடு போகணும் ஆத்தா, வெரசா கிளம்பணும் என்று அவர் தப்பித்துவிட்டார்.

ஆவணியில் ஒருநாள் மழையும் இல்லை, காற்றும் இல்லை, மற்ற சேனல்கள் எல்லாம் வந்தன. சீரியல் வரும் சேனல் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்புத் திரை. போன் செய்தால், அந்தச் சேனலுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. அத்தையிடம் சொன்னேன். பங்காளிச் சண்டையா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அப்படியானால் இப்போதைக்குத் தீராது என்றார் அத்தை.

கோயமுத்தூரில் படிக்கும் எங்கள் மகள், போனிலேயே பார்க்கலாமே என்று வழி சொன்னாள். பார்த்தோம். உள்ளங்கை அளவுப் படத்தில் மருமகள் யார், நாத்தனார் யார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. நடுவில் படம் நின்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை இரண்டு நாளில் விட்டுவிட்டோம். இவருக்கு வேண்டிய கிரிக்கெட்டும் செய்தியும் வந்துகொண்டிருந்ததால் இவர் அவசரப்படவில்லை. திரும்பக் கேபிளுக்குப் போகலாமே என்று நான் கேட்டபோது, கேபிள்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். டிஷ் வைத்த நாளில் தெருவில் நின்று கேபிளைப் பற்றி இவர் பேசியது கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சீரியலின் கதை எனக்கு ஜீப்பில் கிடைத்தது.

நான் மலைமேல் பூப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். போடியிலிருந்து விடியும் நேரத்துக்குப் புறப்படும் ஜீப்பில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஆபீஸ் வேலை என்பதால் டிரைவர் அண்ணன் எனக்கு முன்சீட்டை ஒதுக்கி வைப்பார். பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் காலை, வண்டி முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது பின்னாலிருந்து "மூத்த மருமக" என்று ஒரு சொல் என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நடு வயதுப் பெண் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மருமகள், புருஷன், நாத்தனார். எங்கள் சீரியலேதான்.

மறுநாள் நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் அண்ணன் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து முகம் வாடினார். சூட்டுக்கு இஞ்சின் பக்கம் உட்கார முடியவில்லை என்று ஒரு காரணம் சொன்னேன்.

கதை சொன்னவருக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. புருஷன் கேரளாவில் மரம் அறுக்கும் வேலைக்குப் போய்விட்டு எப்போதாவது வருவார். ஜீப்பில் எல்லோரும் அவரை மதினி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முந்தல் தாண்டியதும் ஆரம்பிப்பார். போடிமெட்டில் செக்போஸ்ட் வந்ததும் நிறுத்திவிடுவார். நடுவில் வளைவுகளில் வண்டி சாயும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து கேட்போம்.

நாங்கள் விட்ட இடத்தில் மூத்த மருமகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். மதினி சொன்ன கதையில் அவள் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தப் பெரிய வீட்டை விட்டே வெளியேறிவிட்டிருந்தாள். ஒரு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லிக்கடை போட்டாள். வியாபாரம் நன்றாக நடந்தது. ஞாபகம் போன புருஷன் ஒருநாள் அந்தக் கடைக்கே பசியோடு வந்து, அவள் யாரென்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். சாப்பிட்ட பிறகு ஏனோ போக மனமில்லாமல் அங்கேயே நின்றான். 

நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு அப்படியே சொன்னேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புருஷன் கடை வாசலில் நின்ற இடத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே அத்தை, கை கால் கழுவிட்டு வா, டீ ஆறுது என்பார். டீயைக் குடித்துக்கொண்டே நான் சொல்ல வேண்டும். மதினி மாதிரி எனக்குச் சொல்ல வராது. அவர் நாத்தனார் பேசும்போது நாத்தனாராகவே உதட்டைச் சுழிப்பார். நான் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்வேன். அப்படியும் அத்தை கேட்டார். சேனல் திரும்ப வந்ததா என்று விசாரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

எனக்கு ஓரிரண்டு இடத்தில் இடிக்காமல் இல்லை. ஒருநாள் அந்தப் பெரிய வீட்டுக்காரர்களின் சோளக்காட்டில் யானை புகுந்துவிட்டது.

"மெட்ராஸ் பங்களாக்காரங்களுக்குச் சோளக்காடு எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று அத்தை கேட்டார்.

அவர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள் போலிருக்கிறது என்றேன். அந்த வாரம்தான் தேவாரம் பக்கம் யானை இறங்கியதாக ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. யானைக்குப் பயந்து ஓடிவந்த நாத்தனாருக்கு மூத்த மருமகள்தான் அடைக்கலம் கொடுத்தாள். நாத்தனார் மனசு மாறி, இட்லிக்கடையிலேயே பாத்திரம் கழுவ நின்றாள். அத்தைக்கு அது ரொம்பத் திருப்தி. எத்தனை நாள் திட்டினோம், பாவம் என்றார். கடையைக் காலி பண்ணச் சொல்லி பஸ் ஸ்டாண்டு ஆள் ஒருவன் மிரட்ட ஆரம்பித்ததும் அத்தையின் திட்டு அவன் பக்கம் போனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு முக்கியமான கிரிக்கெட் ஆட்டம் வந்தது. இவர் கடையில் வேலை பார்ப்பவர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார், நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மலைப்பக்கமிருந்து மழை திரண்டு வந்தது. பந்து வீசுபவர் ஓடி வந்தார், கையை ஓங்கினார், கட்டம் கட்டமாக உடைந்தார். நீலத் திரை. வந்தவர்கள் எல்லோரும் தட்டோடு எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே கேபிள். ஜெயித்த சத்தம் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கேட்டது. இவர் மட்டும் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அத்தை மெதுவாக, "நீயும் போயி பாருப்பா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். இவர் போகவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் கேபிள்காரரைப் பார்த்துப் பேசிவிட்டார். எப்படிப் பேசினார், என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் கேபிள்காரர் பழைய மொபெட்டில், தோளில் வயர் வளையத்தோடு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர். ஏதாவது குத்திக் காட்டுவார் என்று இவர் அறைக்குள்ளேயே இருந்தார். வந்தவரோ தோளில் கொண்டுவந்த வயரை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த போஸ்ட்டில் ஏணியைச் சாத்தி ஏறினார். மேலே ஒரு வயர்ச்சுருள் பாலிதீன் பை சுற்றி, சுத்தமாகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவிழ்த்தார்.

"இது ஒங்க பழைய வயருதான் ஆத்தா. அறுக்கல, சுருட்டித்தான் வச்சிருந்தேன். எப்டியும் ஆனிக்குள்ள வந்துருவீங்கன்னு பாத்தேன். ஐப்பசி ஆயிப்போச்சு" என்றார் அத்தையிடம்.

அத்தை சிரித்ததைப் பார்த்து இவரும் வெளியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்குக் கேபிளில் பிடித்தது படம் அல்ல, கேபிள்காரர்தான். மழை பெய்தால் படம் நிற்காதா என்று கேட்டார். கரண்ட் போனால் நிற்கும், லாரி அறுத்தால் நிற்கும், மழைக்கு நிற்காது என்று அவர் உள்ளதைச் சொன்னார். நின்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டார் அத்தை. போனெல்லாம் எதற்கு, காலையில் தெருமுனை டீக்கடையில் இருப்பேன், அங்கே வந்து திட்டுங்கள் என்றார். எந்த ஊர் வெயிலிலோ உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் பேசிச் சலித்திருந்த அத்தைக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

அன்று ராத்திரி சீரியல் நேரத்துக்கு முன்பே அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இட்லிக்கடையைக் கண்ணால் பார்க்கப்போகிறோம் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மூத்த மருமகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். அதே வராந்தா, அதே தூண். சேலை மட்டும் வேறு. நாத்தனார் பங்களா மாடியில் நின்று, உதட்டைச் சுழித்து, யாருக்கோ போனில் சதி சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் தலையில் கட்டோடு படுத்திருந்தான். தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இட்லிக்கடை எங்கத்தா?"

பழையதைத் திரும்பப் போடுகிறார்கள் போலிருக்கிறது அத்தை என்றேன். மறுநாளும் அதே வராந்தா. அப்போது டாக்டர் வந்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை எழுந்து சாப்பிடப் போனார். 

காலையில் ஜீப் முந்தலைத் தாண்டியதும், மதினி வாயைத் திறப்பதற்கு முன் நான் கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கேபிள் வந்துவிட்டது, சீரியலைப் பார்த்தேன், அதில் இட்லிக்கடையும் இல்லை, யானையும் இல்லையே என்று. வண்டி ஒரு வளைவு திரும்பியது. பிறகு என் பக்கத்தில் இருந்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். எதிரில் இருந்தவருக்குத் தோள் குலுங்கியது. அப்புறம் ஜீப்பே சிரித்தது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ஆடியில் இடி விழுந்து மதினி வீட்டு டிஷ் பெட்டி கருகிவிட்டது. அதுவரை அவர் தினமும் முந்தின நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் விடியலுக்கு முன் எழுந்து சோறாக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும், சீரியல் நேரத்துக்குத் தூங்கிவிடுவார்கள். பெட்டி போய்விட்டது, இனிமேல் கதை இல்லை என்று மதினி சொன்னபோது யாரும் விடவில்லை. உனக்குத் தோன்றுவதைச் சொல், வளைவு தெரியாமல் மேலே போய்ச் சேர்ந்தால் போதும் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்செல்லாம் நடந்தபோது நான் முன்சீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். நான் பின்னால் வந்து உட்கார்ந்தது, மதினி சொந்தமாகச் சொல்லும் கதை பிடித்துப்போய்த்தான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

நான் அதை வீட்டில் போய் டிவி கதை என்று சொல்லிக்கொண்டிருந்தது மதினிக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"சத்தியமா தெரியாதுத்தா. தெரிஞ்சிருந்தா யானைய விட்டுருக்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மலைமேல் நாள் முழுக்க அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு அழுதாரே, நாத்தனாரைப் பாவம் என்று சொன்னாரே. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் உள்ளபடியே சொல்லிவிட்டேன்.

அத்தை முழுவதும் கேட்டார். அப்போ நாத்தனார் திருந்தியது என்று கேட்டார். அதுவும் மதினி சொன்னதுதான் என்றேன். புருஷன் கடை வாசலில் நின்றது? அதுவும்தான். அத்தை எழுந்துபோய் விளக்கேற்றினார். சீரியல் வந்தது, பார்த்தார். வராந்தாவைப் பார்த்து ஒருமுறை கொட்டாவி விட்டார். விளம்பரம் வந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"சரி, இன்னைக்கு என்ன சொன்னா அவ?"

கேட்க மறந்துவிட்டேன் என்று சொன்னபோதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதினியை வீட்டுக்கு அழைத்து வரச் சொன்னார். மதினி வரத் தயங்கினார். பெரிய மனுஷியிடம் பொய் சொன்னதுபோல் ஆகிவிட்டது, திட்டப் போகிறார்கள் என்றார். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். அத்தை பலகாரம் செய்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாரக் கதையை மொத்தமாகத் திரும்பப் போடுவார்கள். மதினி பல மாதத்துக்குப் பிறகு அதைப் பார்த்தார். 

"இவ ஏன் இன்னும் ஆஸ்பத்திரியவே கட்டிக்கிட்டு அழுறா? வேற சோலி இல்லையா?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றார் அத்தை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "நீ சொல்லு. கடைய காலி பண்ணச் சொன்னானே அந்த பஸ் ஸ்டாண்டு ஆளு, அவன் என்ன ஆனான்?"

மதினி என்னைப் பார்த்தார். பிறகு காலை மடித்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். ஜீப்பில் வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டும். இங்கே மெதுவான குரலில் சொன்னார். எனக்கே அது புதுக் கதை மாதிரி இருந்தது. இவர்கூடச் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலேயே உட்கார்ந்திருந்தார்.

கேபிள் வைத்துக்கொள் என்று அத்தை மதினியிடம் சொன்னார். கேபிள்காரரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். இந்தச் செய்தி ஜீப்பில் பரவியதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இவளுக்கு டிவி வந்துவிட்டால் மறுபடியும் அந்த அழுகைக் கதையைத்தான் சொல்வாள், நீங்கள் ஏன் இதில் தலையிட்டீர்கள் என்று என்னை ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அதிகம் பேசாத டிரைவர் அண்ணன்கூட, காய் எடுப்பு முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்றார். அவரும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மதினி வீட்டுக்கும் கேபிள் வந்தது. ஜீப்புக்காரர்கள் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. அவர் சமையல் நிகழ்ச்சியும் பழைய பாட்டும் பார்த்தார். சீரியல் நேரத்தில் அணைத்துவிடுவதாகச் சொன்னார். பார்த்தால் அந்த அழுகை வந்து தன் கதைக்குள் ஒட்டிக்கொள்கிறது என்றார்.

தை கடைசியில் காய் எடுப்பு முடிகிற சமயம் மதினியும் கதையை முடித்தார். புருஷனுக்கு ஞாபகம் திரும்பவில்லை. திரும்பாமலேயே அவன் அந்த இட்லிக்கடைக்காரியைப் பிடித்துப்போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவ்வளவுதான். அன்று போடிமெட்டில் ஒரே பனிமூட்டம். செக்போஸ்ட் வந்ததும் எல்லோரும் இறங்கி டீ குடித்தோம். டிரைவர் அண்ணன் யாரையும் காசு கொடுக்க விடவில்லை.

சாயங்காலம் அத்தையிடம் முடிவைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லி முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நல்லா முடித்திருக்கிறாள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரித்தா. அவ்வளவு பெரிய கடைக்கு ஒத்தையா மாவாட்டி, இட்லியும் ஊத்தி, சட்னியும் அவளே எப்டி அரைப்பா? சட்னி யாரு அரைச்சான்னு அவ சொல்லவே இல்லையே?"

மறுநாள் வேலைக்குப் போகும்போது மதினியிடம் இதைக் கேட்டேன். வண்டி ஏறிக்கொண்டிருந்தது. மதினி வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"அவ மாமியாதான் அரைச்சா. மகனத் தேடி வந்துச்சு, மருமகளப் பாத்துட்டு அங்கயே தங்கிருச்சுன்னு சொல்லு" என்றார்.

அப்படியே போய்ச் சொன்னேன். அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டம்ளர் ரொம்பச் சுடும், சேலைத் தலைப்பால் பிடித்துக்கொள் என்றார்.